தலைகீழ் டிமீட்டர்

மாலை 4.40. சீட்டுக்காரம்மா தன் நாற்காலியிலேயே செத்துக் கிடந்தாள். கன்னம் மேசையில். வலது கைக்குக் கீழே ஒரே ஒரு சீட்டு. காலியான காபிக் கோப்பைக்குள், அடியில், வெள்ளையாக ஏதோ தூள் படிந்திருந்தது.

டாரட் என்கிற படச் சீட்டை வைத்துப் பலன் சொல்கிறவர்கள் எத்தனையோ பேர். ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு கிரேக்கப் புராணக் கதையை எடுத்துவிட்டு, வந்தவர்களை வாய் பிளக்க வைத்தவள் இவள் ஒருத்திதான். அந்தக் கதைகள் போன வாரம் புத்தகமாகவே வந்துவிட்டன. அட்டை முழுக்க அவள் முகம்.

இன்ஸ்பெக்டர் அம்மாள் நேராகச் சமையலறைக்குப் போனார். பாத்திர அடுக்கில் பிளாஸ்க் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து மேசையருகே குனிந்தார்.

"யார் முதல்ல பார்த்தது?"

"நான்தான் மேடம்," என்றாள் இறந்தவளின் தங்கை. பதினோரு வருஷமாக அக்காவின் குறிப்புகளைத் தட்டச்சு செய்கிறவள். "நாலு பத்துக்கு. பார்த்ததும் உங்களுக்கு போன் பண்ணேன். எதையும் தொடல."

"இது என்ன சீட்டு?"

"பேரரசி. அக்கா டிமீட்டர்னு சொல்லுவா. பயிர் பச்சையைக் காக்கிற தாய். அவ பொண்ணைப் பாதாள ராஜா தூக்கிட்டுப் போயிடுவான். சீட்டு நேரா விழுந்தா பொண்ணு திரும்பி வருவா, பூமி செழிக்கும். தலைகீழா விழுந்தா அது தாயோட ஆத்திரம். உலகத்தையே பட்டினி போட்டுச் சாகடிப்பா." மூக்கை உறிஞ்சினாள். "பாருங்க, தலைகீழாத்தான் இருக்கு. கொன்னவ யாருன்னு அக்கா காட்டிட்டுப் போயிருக்கா."

இறந்தவள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து பார்த்தால் தலைகீழ்தான்.

"யாரைச் சொல்றீங்க?"

"மூணு மணிக்கு ஒரு நர்ஸ் வந்தா. அவ பொண்ணைப் புருஷன் தூக்கிட்டுப் போயிட்டான். பொண்ணு திரும்பி வரமாட்டான்னு அக்கா சொன்னதுக்குப் போன வாரம் இங்கேயே கத்தினா. மருந்து மாத்திரை தெரிஞ்சவ வேற."

"உங்களுக்கு அக்கா சீட்டு போட்டிருக்காங்களா?"

"வீட்டு ஆளுக்குப் போடக்கூடாதாம். கேட்டுக் கேட்டு வாய் வலிச்சதுதான் மிச்சம்."

5.20. நர்ஸைச் சீருடையோடு அழைத்து வந்தார்கள். வந்ததும் வராததுமாகக் கெஞ்சினாள்.

"மேடம், நாளைக்குக் காலையில குடும்ப கோர்ட்ல கேஸ். நான் போகலைன்னா என் பொண்ணு எனக்கில்ல."

"மூணு மணிக்கு என்ன நடந்தது?"

"ஒண்ணுமே நடக்கல. தலை சுத்துது, நாளைக்கு வான்னு அனுப்பிட்டாங்க. சீட்டுக்கட்டையே பிரிக்கல."

"காபி?"

"நான் வரும்போதே பாதி குடிச்சிருந்தாங்க."

"சீட்டை எப்படி வைப்பாங்க? உட்கார்ந்து காட்டும்மா."

நர்ஸ் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். "என்னைப் பார்த்து வைப்பாங்க. வாழ்க்கை உன்னோடது, நீதான் நேரா பார்க்கணும்பாங்க. அவங்க தலைகீழாவே படிச்சுப் பழகிட்டாங்க." மேசையில் கிடந்த சீட்டை விரலால் காட்டினாள். "போன வாரம் இதேதான் தலைகீழா வந்துச்சு. இப்போ நேரா இருக்கே. பொண்ணு திரும்பி வருவான்னு அர்த்தம்."

தங்கையின் முகம் வெளுத்தது.

"கொலைகாரியைக் காட்டிக்கொடுக்க நினைச்ச உங்க அக்கா, அவளுக்கு நல்ல பலனா சொல்லிட்டுச் செத்தாங்க?" என்றார் இன்ஸ்பெக்டர். "இங்க வந்து உட்கார்ந்த எல்லாருக்கும் தெரியும், சீட்டு எந்தப் பக்கம் பார்க்கும்னு. கதை முழுக்கத் தெரிஞ்சும் இந்த நாற்காலியில உட்காராத ஆள் நீங்க ஒருத்திதான். அக்கா கைக்குக் கீழே சீட்டைத் திருப்பி வெச்சது நீங்க. மாத்திரையைப் பிளாஸ்க்லயே கலந்திருக்கீங்க. பழி நர்ஸ் மேல விழணும்னா விஷம் கோப்பையில மட்டும்தான் இருக்கணும். அதான் பிளாஸ்க்கைக் கழுவிட்டு எனக்கு போன் பண்ணியிருக்கீங்க. எதையும் தொடலையாம்!"

தங்கை நிமிர்ந்து பேசினாள். அதில் அழுகை இல்லை, வெறும் கசப்புதான்.

"டிமீட்டர்னா யாருன்னே அக்காவுக்குத் தெரியாது மேடம். படிச்சது நான், சொன்னது நான், எழுதினது நான். புத்தகத்துல என் பேரைத் தேடித் தேடிப் பார்த்தேன். நன்றின்னுகூட ஒரு வரி இல்ல."

"நான் உங்களுக்கு என்னங்க செஞ்சேன்?" என்று கேட்டாள் நர்ஸ்.

"ஒண்ணும் செய்யல. அந்தக் கதை உனக்குப் பொருந்துச்சு."

"என் பொண்ணுக்கு ஆறு வயசு," என்றாள் நர்ஸ்.

"நீ கிளம்பும்மா. காலையில நேரத்துக்கு கோர்ட்டுக்குப் போ," என்றார் இன்ஸ்பெக்டர்.

நர்ஸ் எழுந்து போனாள். யாரும் தடுப்பதற்குள் தங்கை அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். தன்னை நேராகப் பார்த்துக் கிடந்த சீட்டையும், எதிரே மேசையில் சாய்ந்திருந்த அக்காவின் தலையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இங்கிருந்து பார்த்தா இப்படித்தான் தெரியுமா?"

"இப்படித்தான். எழுந்திருங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.