உட்கார வந்த பொத்தான்

தெரு முழுக்க ஒரே கூச்சல். ஊர்த் தலைவர் தேர்தலில் கண்டக்டரம்மா ஜெயித்துவிட்டார்!

தையல் கடை வாசலில் நின்று பொத்தானும் கை தட்டினாள். மூன்று முறை தட்டினாள். நான்காவது தட்டுக்குக் கை எழும்பவில்லை.

பொத்தான் என்பது அவளுடைய உண்மையான பெயர் இல்லை. ஒரு வயதில் அம்மாவின் தையல் கடையில் தவழ்ந்துகொண்டிருந்தபோது, கீழே கிடந்த நீலப் பொத்தான் ஒன்றை எடுத்து விழுங்கிவிட்டாள். பொத்தான் மறுநாளே வெளியே வந்துவிட்டது. பெயர்தான் பத்து வருடமாகப் போகவில்லை.

"என்னடி, பாதியில நிறுத்திட்ட? கை வலிக்குதா?" என்று கேட்டார் அம்மா.

"இல்லம்மா. பாலத்தை நினைச்சேன்."

அம்மாவுக்குப் புரிந்தது. தெருவின் பின்பக்கம் ஒரு பெரிய வாய்க்கால் ஓடுகிறது. அதன் மேல் மரப்பலகை போட்ட நடைபாலம் ஒன்று இருந்தது. போன மழையில் அதன் நடுப்பகுதி வெள்ளத்தோடு போய்விட்டது. இப்போது அந்தக் கரையில் இருப்பவர்கள் இந்தக் கரைக்கு வர, லாரி போகும் சாலையைச் சுற்றிக்கொண்டு ஒரு மணி நேரம் நடக்க வேண்டும்.

அந்தக் கரையில்தான் பொத்தானின் தோழி எக்ஸ்பிரஸ் இருக்கிறாள். எதைச் செய்தாலும் ஆடி அசைந்து செய்வாள் என்பதால் வகுப்பில் அவளுக்கு அந்தப் பெயர். ஒன்றாம் வகுப்பிலிருந்து இருவரும் ஒரே பெஞ்சு.

அந்த பெஞ்சுக்குத்தான் இப்போது ஆபத்து. எக்ஸ்பிரஸின் அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "லீவு முடிஞ்சு பள்ளிக்கூடம் திறக்கறதுக்குள்ள பாலம் வந்தா சரி. வரலேன்னா உன்னை இந்தக் கரை ஸ்கூல்லயே சேர்த்துடுவேன். தினமும் லாரி ரோட்டுல உன்னை அனுப்பிட்டு என்னால நிம்மதியா இருக்க முடியாது."

பள்ளி திறக்க இன்னும் ஆறு வாரம் இருந்தது.

கண்டக்டரம்மா தேர்தலுக்கு முன்பு உடைந்த பாலத்தின் அருகே நின்று, "நான் ஜெயிச்சா முதல் வேலை இந்தப் பாலம்தான்!" என்று சொல்லியிருந்தார். பொத்தான் அதைத் தன் காதாலேயே கேட்டாள்.

அவரை நம்பலாம் என்றுதான் தோன்றியது. தேர்தலில் நிற்பதற்கு முன் அவர் நிஜமாகவே பஸ் கண்டக்டராக இருந்தவர். பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது பாலத்தின் மேல் யாராவது ஓடி வருவது தெரிந்தால், அவர்கள் வந்து ஏறும்வரை விசில் ஊத மாட்டார். டிரைவர் முணுமுணுத்தாலும் ஊத மாட்டார். எக்ஸ்பிரஸ் இத்தனை வருடம் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்ததே அவர் புண்ணியத்தில்தான்.

ஆனாலும் பொத்தானுக்குச் சந்தேகம் இருந்தது. அதற்குக் காரணம் அவள் அம்மா.

அம்மா நன்றாகத் தைப்பார். சொன்ன தேதியில் கொடுப்பது மட்டும்தான் அவருக்கு வராது. "நாளைக்கு வாங்க, முதல்ல உங்களுதுதான்" என்பார். மறுநாள் வந்தால், "எல்லாம் முடிஞ்சுது, பொத்தான் துளைக்குக் காஜா மட்டும் போடணும்" என்பார். பல நேரம் அந்தச் சட்டைத் துணியில் கத்தரிக்கோலே பட்டிருக்காது. கடையில் பத்து வருடமாக இதைக் கேட்டு வளர்ந்தவள் பொத்தான். வாக்கு கொடுப்பது எவ்வளவு சுலபம் என்று அவளுக்குத் தெரியும்.

ஒரு வாரம் போனது. இரண்டு வாரம் போனது. மூன்றாவது வாரம் பாலத்தருகே ஒரு பலகை நட்டார்கள். அதில் 'பணி விரைவில்' என்று எழுதியிருந்தது.

"பலகையை வச்சுட்டாங்க! பாலம் வந்துடும்!" என்று அந்தக் கரையிலிருந்து எக்ஸ்பிரஸ் கத்தினாள்.

"இது காஜா போடற கதை!" என்று இந்தக் கரையிலிருந்து பொத்தான் கத்தினாள். ஒற்றைப் பலகையை வைத்துக்கொண்டு வாய்க்காலைத் தாண்ட முடியுமா? அவளுக்கு அழுகை வந்தது. புதிய பெஞ்சில் யாரோ தெரியாத பெண்ணோடு எக்ஸ்பிரஸ் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பது போல நினைத்துப் பார்த்தாள். அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

கடைக்குத் திரும்பியதும் நேராகக் கேட்டாள். "அம்மா, நீ நாளைக்குன்னு சொல்றியே, அது பொய்யா?"

ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது.

"பொய்யில்லடி. சொல்றப்ப நாளைக்கே கொடுக்கணும்னுதான் இருக்கு. வந்தவங்க முகத்தைப் பார்த்தா இல்லேன்னு சொல்ல வாய் வரலை."

"அப்புறம்?"

"அப்புறம் அடுத்த முகம் வந்து நிக்குதே!"

பொத்தான் யோசித்தாள். அம்மாவிடம் யார் யாருக்குத் துணி சீக்கிரம் கிடைக்கிறது? சண்டை போடுகிறவர்களுக்குக் கிடைப்பதில்லை. அவர்கள் போனதும் அம்மா துணியை இன்னும் அடியில் தள்ளிவிடுவார். தபால்காரருக்கு மட்டும் சொன்ன அன்றே கிடைத்துவிடும். அவர் சத்தமே போட மாட்டார். மெஷினுக்கு எதிரே இருக்கும் ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். அம்மா நிமிரும்போதெல்லாம் அவர் முகம் தெரியும். ஒரு மணி நேரத்தில் அம்மா அவருடைய பேண்டைக் கையில் எடுத்துவிடுவார்.

"அம்மா, ஊர் ஆபீஸ்ல பெஞ்சு இருக்கா?"

"இருக்கு. எதுக்கு?"

"உட்காரத்தான்."

ஊர் அலுவலகம் கடைக்கு நேர் எதிர்ச் சாரியில் இருந்தது. மறுநாள் காலை, பொத்தான் தைக்க வேண்டிய நான்கு சட்டைகளையும் ஊசி டப்பாவையும் எடுத்துக்கொண்டு அங்கே போனாள். பொத்தான் தைப்பதில் அவள் கெட்டிக்காரி. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு அதுகூடத் தெரியாவிட்டால் எப்படி?

வாசலில் இருந்த பியூன் மாமா அவளை மேலும் கீழும் பார்த்தார். "என்ன பாப்பா, மனு கொண்டு வந்திருக்கியா?"

"இல்ல மாமா."

"யாரையாவது பார்க்கணுமா?"

"இல்ல மாமா. உட்கார வந்திருக்கேன்."

பியூன் மாமா தலையைச் சொறிந்தார். இருபது வருட வேலையில் இப்படி ஒருவரும் வந்ததில்லை. கூடாது என்று சொல்ல எந்தச் சட்டமும் நினைவுக்கு வராததால் பெஞ்சைக் காட்டினார்.

தலைவரின் அறைக் கதவுக்கு நேர் எதிரே பெஞ்சு. உள்ளே ஒரே கூட்டம். ஒருவர் சாக்கடைக்காக மேசையைத் தட்டினார். இன்னொருவர் தெருவிளக்குக்காகத் தொண்டை கிழியக் கத்தினார். கண்டக்டரம்மா பழக்க தோஷத்தில், "வாசல்ல நிக்காதீங்க, உள்ள தள்ளிப் போங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பொத்தான் பேசாமல் ஊசியில் நூல் கோத்தாள்.

மதியம் வெளியே வந்த கண்டக்டரம்மா அவளைப் பார்த்து நின்றார்.

"தையல் கடைப் பொண்ணுதானே நீ? இங்க என்ன பண்ற?"

"காத்துக்கிட்டு இருக்கேன்."

"எதுக்கு?"

"பாலத்துக்கு."

"அதான் பலகை வச்சாச்சே. சீக்கிரம் நடந்துடும்."

"சரிங்கம்மா" என்றாள் பொத்தான். எழுந்திருக்கவில்லை.

இரண்டாம் நாளும் வந்தாள். மூன்றாம் நாளும் வந்தாள். நான்காம் நாள் பியூன் மாமாவே பெஞ்சைத் துடைத்து வைத்திருந்தார். கண்டக்டரம்மா கோப்பிலிருந்து நிமிரும்போதெல்லாம் எதிரே ஒரு சின்ன முகம் தெரிந்தது. அது முறைக்கவில்லை, அழவில்லை, கேட்கவும் இல்லை. தன்பாட்டுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தது.

ஐந்தாம் நாள் கண்டக்டரம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து வந்து பெஞ்சில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"பாப்பா, உனக்கு என் மேல கோபமா?"

"இல்லீங்களே."

"எல்லாரும் கத்தறாங்க. நீ மட்டும் ஏன் சும்மா உட்கார்ந்திருக்க?"

"அந்தக் கரைப் பிள்ளைங்க பாலத்துல ஓடி வர்றப்ப நீங்க விசில் ஊதாம நிப்பீங்களே. நீங்க எங்களுக்காகக் காத்திருந்தீங்க. இப்போ நான் உங்களுக்காகக் காத்திருக்கேன்."

கண்டக்டரம்மா முகத்தைத் துடைப்பது போலக் கையை உயர்த்தினார். அப்போதுதான் பொத்தான் பார்த்தாள். அவருடைய மேல்சட்டைக் கையில் ஒரு பொத்தான் ஒற்றை நூலில் தொங்கிக்கொண்டிருந்தது.

"கையைக் காட்டுங்க. விழுந்துடும்போல இருக்கு."

"உங்க கடைச் சட்டைதான்! பதவி ஏற்கற அன்னிக்குப் போடணும்னு கொடுத்தேன். மூணு நாள் கழிச்சுத்தான் கைக்கு வந்துது. கேட்டா, காஜா மட்டும்தான் பாக்கின்னு உங்க அம்மா சொன்னாங்க."

பொத்தானுக்கு வெட்கமாகிவிட்டது. குனிந்து அழுத்தமாகத் தைத்தாள். "அம்மா பொய் சொல்றதில்லீங்க. எல்லாருக்கும் முதல்ல உங்களுதுதான்னு சொல்லிடுவாங்க. அப்புறம் எதை எடுக்கறதுன்னு தெரியாம முழிப்பாங்க."

கண்டக்டரம்மா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நானும் அப்படித்தான் மாட்டிக்கிட்டேன். ஓட்டுக் கேட்டுப் போன இடத்துல எல்லாம், இதுதான் முதல் வேலைன்னு சொல்லிட்டேன்."

"எத்தனை இடத்துல?"

அவர் விரல் விட்டு எண்ணினார். இரண்டு கையும் போதவில்லை. "பதினொண்ணு."

"எங்க அம்மா ஒரே நாள்ல பதினாலு பேருக்குச் சொல்லியிருக்காங்க" என்று ஆறுதல் சொன்னாள் பொத்தான்.

கண்டக்டரம்மா சிரித்துவிட்டார். "சரி, உங்க அம்மா அப்போ என்ன செய்வாங்க?"

"நான்தான் பிரிச்சுக் கொடுப்பேன். எந்தத் துணி இல்லாம அவங்களால நாளைக்கு வெளிய போக முடியாதோ, அது முதல்ல. வாங்கிட்டுப் போய் அலமாரியில வைக்கற துணி அப்புறம். உங்க பதினொண்ணுல மேல என்ன இருக்கு?"

"மார்க்கெட் வாசல்ல ஒரு வளைவு."

"அது இல்லாட்டி மார்க்கெட்டுக்குள்ள போக முடியாதா?"

"போகலாம், போகலாம்."

"அப்போ அலமாரி."

"மணிக்கூண்டுக்குப் பெயிண்ட்."

"மணி சரியாக் காட்டுதா?"

"காட்டுது."

"அலமாரி."

"மேட்டுத் தெருவுல குடிதண்ணிக் குழாய் உடைஞ்சிருக்கு."

பொத்தான் தைப்பதை நிறுத்தினாள். குழாய்க்காரர்கள் பாலத்துக்கு முன்னால் வந்துவிட்டால் என்ன செய்வது? பிறகு, "அது வெளிய போற துணிதான். அதுவும் மேல வரணும்" என்றாள். மனசில்லாமல்தான் சொன்னாள். ஆனால் சொன்னாள்.

கண்டக்டரம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து எக்ஸ்பிரஸ் வந்தாள். சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் வேர்வையும் புழுதியுமாக வந்தாள். "உன்னோட உட்காரலாம்னு காலையிலேயே கிளம்பினேன்டி. ஒரு மணி நேரம் ஆயிடுச்சு. ஒரு லாரி உரசற மாதிரி போச்சு. பயந்தே போயிட்டேன்."

"பாலத்துல எப்பவும் கடைசியா வர்ற பாப்பாதானே நீ? உன் பேரு என்ன?" என்று கேட்டார் கண்டக்டரம்மா.

"எக்ஸ்பிரஸ்."

"அப்படியா! எல்லா ஸ்டாப்பிங்லயும் நின்னு வர்ற எக்ஸ்பிரஸ் போல."

சிரித்தாலும் அவர் பார்வை அவளுடைய புழுதிக் கால்களில்தான் இருந்தது. நூலைக் கடித்து அறுத்துவிட்டு பொத்தான் சொன்னாள். "பள்ளிக்கூடம் திறக்க இன்னும் ரெண்டு வாரம்தான் இருக்கு. அதுக்குள்ள பாலம் வரலேன்னா இவ அந்தக் கரை ஸ்கூலுக்குப் போயிடுவா."

கண்டக்டரம்மா தைத்த பொத்தானை இழுத்துப் பார்த்தார். அது அசையவில்லை.

"முழுப் பாலம் ரெண்டு வாரத்துல முடியாது பாப்பா. முடியும்னு சொன்னா அது காஜாக் கதைதான்" என்றார். "ஆனா, ஒருத்தர் மட்டும் நடக்கற அளவுக்குக் கைப்பிடி வச்சுப் பலகை போட முடியும். குழாய்க்குக் கொஞ்ச ஆளுங்க, பாலத்துக்குக் கொஞ்ச ஆளுங்க. நாளைக்குக் காலையில ஆரம்பிக்கச் சொல்றேன்."

"நாளைக்கு" என்ற சொல்லைக் கேட்டதும் பொத்தானும் எக்ஸ்பிரஸும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பயமாகத்தான் இருந்தது.

மறுநாள் விடிந்ததும் பொத்தான் வாய்க்காலுக்கு ஓடினாள். 'பணி விரைவில்' பலகையைக் காணோம். தச்சர் ஒருவர் அதைப் பிடுங்கித் தரையில் போட்டு, அதன் மேல் உட்கார்ந்து ஆணிகளைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். முதல் முறையாக அந்தப் பலகை ஒரு வேலைக்குப் பயன்பட்டது.

பள்ளி திறந்த அன்று, வாய்க்காலின் குறுக்கே புதுமரத்தின் வாசனையோடு ஓர் ஒல்லிப் பாலம் நின்றது. ஒரு நேரத்தில் ஒருவர்தான் போக முடியும். பாலத்தின் முனையில் கண்டக்டரம்மா நின்றிருந்தார். "ஒவ்வொருத்தரா ஏறுங்க! நடுவுல நிக்காதீங்க, முன்னால போங்க!" அவருடைய சட்டைக் கையில் அந்தப் பொத்தான் கெட்டியாக இருந்தது.

எக்ஸ்பிரஸின் அப்பா கைப்பிடியை இரண்டு முறை ஆட்டிப் பார்த்தார். பிறகு மகளின் பையை அவள் தோளில் மாட்டிவிட்டார்.

எக்ஸ்பிரஸ் பாலத்தில் கால் வைத்தாள். மீனைப் பார்த்தாள். ஆணியைத் தடவினாள். அந்த இரண்டு நிமிடப் பாலத்தைக் கடக்க ஏழு நிமிடம் எடுத்துக்கொண்டாள். பின்னால் வரிசை நீண்டது. கண்டக்டரம்மா விசில் ஊதவில்லை.

இந்தப் பக்கம் வந்து சேர்ந்ததும் பொத்தான் அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நான்கடி நடந்தவள் சட்டென்று திரும்பினாள்.

"கண்டக்டரம்மா, முழுப் பாலம் எப்போ?"

"மழைக்கு முன்னால."

"சரிங்கம்மா. அப்போ சனிக்கிழமை வர்றேன்."

"வா, வா" என்று சிரித்தார் கண்டக்டரம்மா. "பெஞ்சுல உனக்கு இடம் போட்டு வைக்கிறேன்."