திரும்ப அழைக்கும் எண்

இணைப்பில் இருப்பவர்களின் பட்டியலில் மகளின் பெயரைப் பார்த்ததும் ரோசலினுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பத்து நிமிடத்துக்கு முன்புதான் ஏஞ்சலின் வீட்டிலிருந்து போன் செய்து, "போட்ட உடனே கட்டாயிருதும்மா. நான் கம்ப்யூட்டர ஆஃப் பண்ணிட்டேன்" என்று சலித்துக்கொண்டாள். ஆனால் திரையில் ஏஞ்சலின் ஒரு மணி நேரமாக இணைப்பில் இருந்தாள்.

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்கு எதிர் மாடியில் இருந்த, போன் லைன் வழியாக இணைப்புத் தரும் அந்த இணைய நிறுவனத்துக்கு ஆயிரத்து இருநூறு வாடிக்கையாளர்கள். ஒவ்வொருவருக்கும் எத்தனை மணி நேரம், என்ன கடவுச்சொல், எந்த போன் எண் என்று தனித்தனியாகப் பதிந்து வைப்பது ரோசலினின் வேலை. வாடிக்கையாளர் அழைத்தால் சர்வர் அவர் பெயரை மட்டும் கேட்டுக்கொண்டு துண்டித்துவிடும். பிறகு அவர் பதிவில் உள்ள எண்ணைத் தானே திரும்ப அழைக்கும். இத்தனை பேருக்கும் முதலிலிருந்து தட்டிக்கொண்டிருக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? பழைய பதிவு ஒன்றைப் பிரதி எடுத்து, பெயரையும் எண்ணையும் மாற்றிவிடுவாள். நேற்று மகளுக்கும் அப்படித்தான் செய்தாள். எண்ணை மாற்ற மறந்திருந்தாள்.

அது ஸ்தனிஸ்லாஸ் வாத்தியாரின் எண். ஆத்தூர் ரோட்டில் தனியாக இருந்த மனிதர். தினமும் ஏதாவது சந்தேகம் கேட்டு அழைப்பார். கடைசியில் வறட்டு இருமலோடு, "வீட்ல பேச்சுக் குரலே இல்லம்மா. செத்த நேரம் பேசிட்டு வையேன்" என்பார். ரோசலின் ரிசீவரை மேஜைமேல் கிடத்திவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள். ஆகஸ்டில் அவர் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தபடியே இறந்துபோனார். நாலு நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள். அதை நினைத்தால் அவளுக்கு இன்னும் உறுத்தும்.

மூலையில் லைன்மேன் சடையாண்டி ஒயர்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஆத்தூர் ரோட்டு வாத்தியார் வீட்டு லைன் இன்னும் இருக்கா?"

"அதெங்க இருக்கு தாயி. நாந்தான் ஒயர அறுத்துச் சுருட்டிட்டு வந்தேன். வாசல்ல இம்புட்டுப் பெரிய பூட்டுல்ல தொங்குது."

அவர் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். வெளியே மழை பிடித்துக்கொண்டது. மாலை ஐந்து மணிக்கே அறை இருட்டி, வரிசை வரிசையான மோடம்களின் சிவப்பு விளக்குகளும் சூடேறிய தூசியின் வாடையும் கீழே பிரியாணிக் கடையில் கரண்டி தட்டும் சத்தமும் மட்டும் மிஞ்சின. மகளின் இணைப்பு ஓடிக்கொண்டிருந்த ஏழாவது மோடத்தின் ஒலிபெருக்கியை ரோசலின் மெல்லத் திருகினாள். இரைச்சல். அதற்குள் இன்னொரு சத்தம், விட்டு விட்டு, அவளுக்கு நன்றாகப் பழகிய சத்தம். யாரோ இருமினார்கள்.

பயத்தில் கைகள் தெரிந்த வேலையைச் செய்தன. மகளின் பதிவைத் திறந்தாள். வாத்தியார் எண்ணை அழித்துத் தன் வீட்டு எண்ணைப் போட்டாள். சேமித்தாள். இணைப்பைத் துண்டித்தாள்.

ஏழாவது விளக்கு அணைந்தது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள்.

விளக்கு மறுபடி எரிந்தது.

சர்வர் திரும்ப அழைத்துக்கொண்டிருந்தது. புதிய எண்ணை. அவள் வீட்டை.

பட்டியல் மாறியது. இரண்டு பெயர்கள். ஸ்தனிஸ்லாஸ், மூன்று மாதத்துக்கு முன் அவளே முடக்கி வைத்த பெயர். பக்கத்தில் அவள் வீட்டு எண். அடுத்தது ஏஞ்சலின். பக்கத்தில் ஆத்தூர் ரோட்டு எண்.

வீட்டுக்குப் போன் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்தார்கள்.

வறட்டு இருமல்.

"செத்த நேரம் பேசும்மா."

ரிசீவரைப் பட்டென்று வைத்தாள். எடுத்தாள். அறுத்துச் சுருட்டிய அந்த லைனின் எண்ணைச் சுழற்றினாள். மணி அடித்தது. ஒன்று. இரண்டு. மூன்று.

"அம்மா" என்றாள் ஏஞ்சலின். "இங்க ஒரே இருட்டா இருக்கு. கதவு வெளிய பூட்டிருக்கும்மா."