கென்ரிக்குக்கு வைத்த தட்டு

அன்று 'மேரி ஆலிவ்' கப்பலில் இருந்தவர்கள்: கேப்டன் கத்பர்ட், இஞ்சினைப் பார்த்துக்கொள்ளும் அல்பன், சமையல்காரி வெர்லின், டொராண்டோவிலிருந்து தீவைச் சுற்றிப் பார்க்க வந்த மிஸ்டர் ஹோல்ட், அவர் மனைவி. முன்கேபினில் ஆள் கிடையாது. வெர்லினின் தம்பி கென்ரிக்குக்கு வைத்த தட்டு மட்டும் அங்கே இருந்தது.

மிஸஸ் ஹோல்ட் ஒரு வாய் மீனை மென்று விழுங்கிவிட்டுத் தயங்கினாள். "தப்பா எடுத்துக்காதீங்க வெர்லின். இதுல உப்பே இல்லையே."

தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த வெர்லினின் கை நின்றது.

"நாளைக்கு இறங்கப் போறாங்கல்ல, இப்பவே கை வேலைய விட்டுடுச்சு" என்றான் அல்பன். சமையலறைத் தடுப்பில் சாய்ந்து களி உருண்டையைக் குழம்பில் தோய்த்துக்கொண்டிருந்தான். "அக்கா, தம்பிக்கு ஊத்துன ரம்முல எனக்கும் கொஞ்சம் மிச்சம் வச்சீங்களா? அவனுக்கு எதுக்கு அவ்வளவு. கடல் முழுக்கக் குடிச்சவன்."

வெர்லின் குழம்பில் ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்தாள். உப்பில்லை.

ஒரே அளவில் இரண்டு பானைகள். உப்பில்லாததன் காதில் அடையாளத்துக்கு வெள்ளைத் துணி கட்டியிருந்தாள். கப்பல் ஆடியதில் குழம்பு சிந்தியபோது அந்தத் துணியை அவிழ்த்துத்தான் துடைத்தாள். பிறகு திரும்பக் கட்டினாள். எந்தப் பானையில் கட்டினாள்?

போன வருடம் இதே சுற்றில், தீவின் கிழக்குப் பக்கப் பாறைகளுக்கு வெளியே, சிக்கிய கயிற்றை விடுவிக்கக் குனிந்த கென்ரிக் கடலோடு போனான். உடல் கிடைக்கவில்லை. கரியக்கூத் தீவில் அப்படிப் போனவனைத் தட்டு வைக்காமல் விடமாட்டார்கள். அவனுக்குப் பிடித்த மீன், களி, ஒரு கிளாஸ் ஜாக் அயர்ன் ரம், ஒரு மெழுகுவர்த்தி. கதவைச் சாத்திவிட்டால் விடியும்வரை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. சாப்பிட்டுவிட்டு அவன் போய்விடுவான். அவனை அனுப்பிவிட்டால் வெர்லினும் போய்விடலாம். காலையில் ஹில்ஸ்பரோ துறையில் இறங்கினால் இனி இந்தக் கப்பலில் ஏறுவதில்லை என்று மகளிடம் சொல்லியிருந்தாள்.

அந்தத் தட்டில் உப்பு மட்டும் சேரக்கூடாது. உப்பு உயிரோடு இருப்பவர்களுக்கு. அதைத் தின்ற செத்தவனுக்குக் கனம் வந்துவிடும். திரும்பிப் போக முடியாது.

அவள் மேல்தளப் படிக்கு ஓடினாள். படியின் தலையில் மூடி இறுக்கியிருந்தது. மழை அதன்மேல் சரளைக்கல் கொட்டுவதுபோல் விழுந்தது. பிற்பகல்தான், ஆனால் வட்டக் கண்ணாடிகளில் வெளிச்சமே இல்லை. அவள் மூடியைத் தட்டினாள்.

"கேப்டன், திறங்க. கரைப்பக்கம் திருப்புங்க."

"பாறைக்கு நடுவுல எங்க திருப்பறது?" மேலேயிருந்து கத்பர்டின் குரல் காற்றில் கிழிந்து வந்தது. "இதத் தாண்டுற வரைக்கும் மூடி திறக்காது. கீழ உக்காரு. அல்பன், முன்பக்கம் என்னடா ஏத்தி வச்சிருக்கே? மூக்கு இறங்குது."

"ஒண்ணும் ஏத்தல கேப்டன்."

"பொய் சொல்லாத. ரெண்டு ஆள் கனம் இருக்கு."

மேசையிலிருந்த தண்ணீர்க் குவளை தானாக முன்பக்கமாக நகர்ந்தது. ஹோல்ட் அதைப் பிடித்து வைத்துவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். அது மறுபடி நகர்ந்தது.

அவன் தின்ன ஆரம்பித்திருந்தால்கூட, முடிப்பதற்குள் தட்டைப் பிடுங்கிவிடலாம். அவளுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

"அக்கா, விடியற வரைக்கும் அங்க போகக்கூடாது" என்றான் அல்பன். இப்போது அவன் குரலில் கேலி இல்லை.

"தெரியும்."

முன்கேபினுக்குப் போகும் நடை ஆள் தோள் உரசும் அகலம். டீசலும் ஈரக் கயிறும் பழைய வார்னிஷும் கலந்த நாற்றம் அங்கே எப்போதும் உண்டு, ஆனால் இன்று அதற்கு அடியில் வேறொன்று இருந்தது, கடல் வற்றும் நேரத்தில் பாறை இடுக்குகளில் தேங்கிக் கிடக்கும் தண்ணீரின் வாடை, சூடே இல்லாத வாடை. தளம் சரிந்திருந்தது. அவள் நடக்கவில்லை, இறங்கினாள். பலகைகளுக்கு வெளியே கடல் உரசிக்கொண்டு ஓடியது. அந்த ஓசைக்குள் இன்னொரு ஓசை இருந்தது. தகரத்தில் கரண்டி சுரண்டும் ஓசை. அவசரமில்லாமல். ஒழுங்காக.

கென்ரிக் குழம்பை வழித்துத்தான் தின்பான். இன்னும் வேண்டுமென்றால் கேட்கமாட்டான். கரண்டியால் தட்டின் விளிம்பை இரண்டு முறை தட்டுவான்.

அவள் கதவருகே நின்றாள். சுரண்டல் நின்றது.

அந்தக் கதவுக்கு வெளியில் பூட்டு கிடையாது. உள்ளே ஒரு மரத் தாழ்ப்பாள். அவ்வளவுதான். அவள் தள்ளினாள். திறந்தது.

மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. கப்பல் இவ்வளவு ஆடியும் சுடர் நேராக நின்றது. ரம் கிளாஸ் காலி. தட்டு காலி. மீன் முள்கள் விளிம்பில் வரிசையாக ஒதுக்கப்பட்டிருந்தன. கரண்டியைக் காணவில்லை.

அவள் உள்ளே போய்த் தட்டை எடுத்தாள்.

படுக்கையின் மெத்தை நடுவில் குழிந்திருந்தது. ஒருவர் உட்காரும் குழி. அவள் பார்த்துக்கொண்டிருந்தபோதே அது ஆழமாயிற்று. பலகை முனகியது. குழியின் ஓரங்களில் தண்ணீர் ஊறித் தரையில் சொட்டியது. மேலே கத்பர்ட் ஏதோ கத்தினார். கப்பலின் மூக்கு இன்னும் இறங்கியது.

"கென்ரிக்" என்றாள். "தெரியாம நடந்துடுச்சுடா. போயிடு."

மெத்தையின் குழி மெதுவாக நிரம்பி மேலே வந்தது. உட்கார்ந்திருந்தது எழுந்துவிட்டது.

அவளுக்கும் படுக்கைக்கும் நடுவே தளப்பலகை ஒருமுறை அமுங்கியது. பிறகு இன்னொரு பலகை. கிட்டத்தில்.

முதுகுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

அவள் திரும்பவில்லை. முடியவில்லை. அவள் கையிலிருந்த காலித் தட்டின் விளிம்பில் கரண்டி தட்டியது. ஒருமுறை. இன்னொருமுறை.

பின்னால், ஊறிப்போன மரம் கிரீச்சிட, தாழ்ப்பாள் நகர்ந்து விழுந்தது.