மெல்லும் தசை

கணவன் வாயை அகலத் திறந்து கொட்டாவி விட்ட நேரத்தில், அவன் எதையோ கடிப்பதாக ஸ்பீக்கர் சொன்னது.

சாப்பாட்டு மேசையில் குனிந்திருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். தசை இறுகும்போது தோலின் மேல் எழும் மின்சாரம் கடுகளவுகூட இருக்காது. அதைப் பொறுக்கியெடுத்து, சுற்றியிருக்கும் இரைச்சலைக் கழித்து, காதில் விழும் அளவுக்குப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்களை வடிவமைப்பதுதான் அவள் வேலை. தூக்கத்தில் பல்லைக் கடித்துக் கடித்துக் கடைவாய்ப் பற்கள் தேய்ந்துபோன கணவனுக்காக இந்த ஒன்றை வீட்டிலேயே செய்திருந்தாள். தாடை இறுகினால் தகரக் கூரையில் மழை விழுவதுபோல் ஸ்பீக்கர் சடசடக்கும். தளர்ந்தால் அடங்கிவிடும்.

"கடிக்கிறீங்களா மாஸ்டர்?"

அவன் நீச்சல் சொல்லிக்கொடுப்பவன். குளத்துப் பிள்ளைகள் கூப்பிடுவதுபோலவே அவளும் கேலியாகக் கூப்பிடுவாள்.

"கொட்டாவி விடுறேன். அதுக்கும் உன்கிட்ட பர்மிஷன் வாங்கணுமா, இஞ்சினியரம்மா?"

சடசடப்பு நிற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம். வீட்டு மின்சாரத்தின் ரீங்காரம் கம்பிகளில் ஏறிவிடக் கூடாதென்று ஃப்ரிட்ஜையும் மின்விசிறியையும் நிறுத்தியிருந்தாள். ஈயம் உருகிய வாடையும், கன்னத்தைத் துடைத்த ஸ்பிரிட்டின் நெடியும், இருவரின் வியர்வையும் அறைக்குள் அசையாமல் நின்றன. அந்தச் சத்தம் மட்டும், யாரோ ஈரத்துணியை நிதானமாகக் கிழிப்பதுபோல், விட்டு விட்டு, ஒரே தாளத்தில், மென்றுகொண்டிருந்தது.

சர்க்யூட்டில்தான் கோளாறு என்று நினைத்தாள். அவன் கன்னத்தில் ஒட்டியிருந்த எலக்ட்ரோடு வில்லைகளைப் பிய்த்துத் தன் கன்னத்தில் ஒட்டிக்கொண்டாள். பல்லைக் கடித்தாள், மழை. விட்டாள், அமைதி. மறுபடி கடித்தாள், விட்டாள். தன் வாழ்நாளில் இவ்வளவு சுத்தமான சர்க்யூட்டை அவள் செய்ததே இல்லை.

அது அவளுக்குச் சந்தோஷமாக இல்லை.

திரும்பவும் அவன் கன்னத்தில் ஒட்டினாள். உடனே மெல்லும் சத்தம். முன்பைவிட உரக்க. விரலை வைத்து அழுத்திப் பார்த்தாள். கன்னம் பஞ்சாக இருந்தது. தசை தூங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் எதுவோ விழித்துக்கொண்டு, இன்னும் அசையத் தெரியாமல், பழகிப் பார்ப்பதுபோல் அவளுக்குத் தோன்றியது.

"என்ன, மூஞ்சி இப்படிப் போகுது? செத்துட்டேன்னு காட்டுதா?" என்று சிரித்தான்.

சிரிப்பு பாதியில் மூடிக்கொண்டது.

அவள் விரலடியில் கன்னம் கல்லாயிற்று.

"வா..." பல்லிடுக்கிலிருந்து வந்தது. "வாய்... தொறக்கல..."

"விளையாடாதீங்க."

ஸ்பீக்கர் அலறியது. அவன் இரண்டு கைகளாலும் தாடையைப் பிடித்துக் கீழே இழுத்தான். கழுத்து நரம்பு புடைத்தது. உள்ளே ஏதோ முறிந்தது. காய்ந்த குச்சியை மிதித்ததுபோல. உதட்டோரம் ரத்தம் கோடாக இறங்கியது. கண்ணில் நீர் முட்ட அவளைப் பார்த்தான். இன்னொரு பல் முறிந்தது. அடுத்தது நாக்கு என்று அந்த முனகலிலேயே அவளுக்குப் புரிந்தது.

பாட்டரியைப் பிடுங்கினாள்.

ஸ்பீக்கர் அடங்கியது. தாடை அடங்கவில்லை. இப்போது சத்தம் நேராக அவன் வாயிலிருந்தே வந்தது.

ஆம்புலன்ஸுக்கு போன் செய்து முகவரியைக் கத்தினாள். சமையலறைக்கு ஓடி மரக்கரண்டியோடு வந்தாள். பல் உடைந்த சந்தில் காம்பைச் செருகி நெம்பினாள். வாய் கொஞ்சம் விட்டது. பிறகு காம்பு இரண்டாகத் தெறித்தது.

அவன் நாற்காலியோடு சரிந்தான்.

அதன்பின் வாய் தானாகவே திறந்தது. அகலமாக. சுலபமாக. கன்னம் பஞ்சாகிவிட்டது. அவன் மூச்சை இழுத்தான். இழுத்த மூச்சு தொண்டையில் அடைத்தது. பல் துண்டுகள். முகம் நீலம் பாரித்தது.

"இருங்க. இதோ. எடுத்துடறேன்."

அவள் மண்டியிட்டு இரண்டு விரல்களை உள்ளே விட்டாள். சூடு. ரத்தம். கூரான துண்டு ஒன்று தட்டுப்பட்டது. பிடித்து வெளியே எறிந்தாள். அவனுக்கு மூச்சு வந்தது. இன்னொன்று இருந்தது. மறுபடி விட்டாள்.

அவன் தலையை ஆட்டினான். வேண்டாம் என்று. அவள் தோளைப் பிடித்துத் தள்ளினான்.

வாய் மூடியது.

அவள் அலறினாள். அவன் அவளைக் காப்பாற்றத்தான் பார்த்தான். அழுதுகொண்டே இரண்டு கைகளாலும் தள்ளினான். குளத்தில் மூழ்குகிறவர்களை இழுத்துப் போட்ட கைகள். உள்ள பலமெல்லாம் திரட்டித் தள்ளினான். பல் விடவில்லை. தோல் நீண்டது. எலும்பு நொறுங்கியது.

அவள் சுவரில் போய் விழுந்தாள். கையைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

எதிரே அவன் கிடந்தான். துப்பப் பார்த்தான். குமட்டினான். கண்கள் அவளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தன. தாடை மட்டும் நிதானமாக, ஒரே தாளத்தில் அசைந்தது.

தொண்டைக் குழி ஒருமுறை ஏறி இறங்கியது.

பிறகு, அவள் பக்கமாக, வாய் மெதுவாகத் திறந்தது.