பாதியில் நின்ற உவமை

உவமையணி படித்த நாளிலிருந்து தேனுகாவின் வாய் மூடவே இல்லை. காண்பதை எல்லாம் எதனோடாவது ஒப்பிட்டால்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

"அம்மா, இடியப்பம் சிலந்தி வலை போல இருக்கு!"

"வலையைக் கெதியாச் சாப்பிடு. பள்ளிக்கூடத்துக்கு நேரமாகுது," என்றார் அம்மா.

அப்பாவையும் அவள் விடவில்லை. அவருடைய மோட்டார் சைக்கிள் சளி பிடித்த ஆள் போல இருமுகிறதாம். அதைக் கேட்டு அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. மோட்டார் சைக்கிளுக்கு வரவில்லை.

இப்படிப்பட்ட பிள்ளையின் கையில் ஒலிவாங்கியைக் கொடுக்கலாமா? பிரியந்தினி ரீச்சர் கொடுத்துவிட்டாரே! பிள்ளைகளை இல்லம் இல்லமாகப் பிரித்து நடத்தும் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு அறிவிப்பாளர் தேனுகாதான். ஆறாம் தரத்துப் பிள்ளைக்கு அது சின்னப் பெருமையா என்ன?

ஒத்திகை நாளில் கயிறிழுத்தல் தொடங்கியது. மருத இல்லத்தின் கடைசி ஆளாக நிரோஜன் வந்தான். வகுப்பிலேயே பருத்த உடம்பு அவனுக்கு. ஓட்டத்தில் கடைசி. பாய்தலிலும் அப்படித்தான். கயிறிழுத்தல் ஒன்றில்தான் எல்லோரும் அவன் பெயரைச் சொல்லிக் கத்துவார்கள். அதற்காகவே அவன் வருடம் முழுவதும் காத்திருப்பான்.

அவனைக் கண்டதும் தேனுகாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"இதோ, மருத இல்லத்தின் நிரோஜன்! எருமை மாடு போல வருகிறார்!"

மைதானமே விழுந்து விழுந்து சிரித்தது. நிரோஜன் கயிற்றைப் போட்டுவிட்டுப் போய்விட்டான்.

தேனுகா திகைத்துப் போனாள். அவள் வீட்டில் எருமை என்பது ஏச்சு இல்லை. அப்பா எருமைகள் வளர்க்கிறார். அம்மா தயிர் உறையவைத்து மாங்குளம் கடைகளுக்குக் கொடுக்கிறார். குளத்தில் எருமையின் முதுகில் ஏறிச் சவாரி போன பிள்ளைக்கு அதைவிடப் பெரிய பாராட்டு எங்கே கிடைக்கும்? ஆனால், மற்ற வீடுகளில் பிந்தி எழும்பும் பிள்ளையைத்தானே "எருமை" என்று ஏசுவார்கள்!

மறுநாள் நிரோஜன் வகுப்புக்குள் வந்ததுமே நாலைந்து பொடியன்கள் எருமை போலக் கத்தினார்கள். தேனுகா அவனிடம் ஓடினாள்.

"நிரோ, நான் புகழ்ந்துதான்ரா சொன்னனான்."

"எருமை எண்டு ஆரும் புகழுவினமோ?"

"அப்ப சிங்கம் எண்டு மாத்திச் சொல்லட்டோ?"

"நீ ஒண்டும் சொல்ல வேண்டாம். நான் கயிறு இழுக்க வரமாட்டன்."

அவன் கண்கள் கலங்கியிருந்தன. இந்த வாயை ஒரு நிமிடம் சும்மா வைத்திருந்தால் என்ன குறைந்திருக்கும் என்று தேனுகா தன்னையே ஏசிக்கொண்டாள்.

அன்று பின்னேரம் எருமைகளை ஓட்டிவரக் குளத்துக்குப் போனாள். மற்றவை எல்லாம் கரையேறிவிட்டன. ஒன்று மட்டும் சேற்றில் காலை ஊன்றிக்கொண்டு நின்றது. தேனுகா கையால் தள்ளினாள். அசையவில்லை. முதுகைக் கொடுத்துத் தள்ளினாள். அதற்கும் அசையவில்லை. அவள்தான் தொப்பென்று சேற்றில் விழுந்தாள்.

"அடடா!" என்று விழுந்த இடத்திலேயே இருந்து யோசித்தாள். நிரோஜனைப் பார்த்தபோது அவள் நினைத்தது இந்த உறுதியைத்தான். மற்றவர்கள் நினைத்ததோ சோம்பேறி எருமையை. எந்தக் குணத்தில் இரண்டும் ஒன்று என்று அவள் சொல்லவே இல்லையே! ரீச்சர் கரும்பலகையில் பெரிதாக எழுதிய 'பொதுத்தன்மை' அதுதானே!

சிங்கம் என்று மாற்றினாலும் சரிவராது. எருமை என்றது ஏச்சுத்தான் என்று அவளே ஒப்புக்கொண்டதாகிவிடும். அதோடு, சிங்கம் எந்த ஊரில் கயிறு இழுத்தது?

போட்டி நாளன்று ஊரே மைதானத்தில் கூடியிருந்தது. கயிறிழுத்தலின் இறுதிச் சுற்றில் மருத இல்லமும் முல்லை இல்லமும் மோத வேண்டும். நிரோஜன் தன் இல்லத்துக்குப் போட்டிருந்த கொட்டிலின் மூலையில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தான். அவன் இல்லத்தார் கெஞ்சியும் எழும்பவில்லை.

தேனுகா ஒலிவாங்கியை இறுகப் பிடித்தாள்.

"அன்பார்ந்த பார்வையாளர்களே! ஒத்திகையில் நான் ஓர் உவமையைப் பாதியில் விட்டுவிட்டேன். பிழை என்னுடையது. மீதியை இப்போது சொல்கிறேன். சேற்றில் கால் ஊன்றி நிற்கும் எருமையைத் தள்ளிப் பார்த்திருக்கிறீர்களா? நான் தள்ளினேன். அது அசையவில்லை. நான்தான் விழுந்தேன். ஊன்றிய காலை யார் தள்ளினாலும் எடுக்காத அந்த எருமை போல உறுதியானவர், மருத இல்லத்தின் நிரோஜன்!"

யாரோ ஒரு பொடியன் சிரிக்கத் தொடங்கினான். அதற்குள் பார்வையாளர்களுக்கு நடுவிலிருந்து ஒருவர் எழுந்தார்.

"பிள்ளை சொல்லுறது சரி! போன மாரிக்கு எங்கட உழவு மெசின் வயலுக்கை புதைஞ்சு போச்சு. அதை இழுத்து எடுத்தது ஒரு சோடி எருமைதான்!"

"ஓமோம்!" என்று பல குரல்கள் கேட்டன. வந்திருந்தவர்களில் பாதிப்பேர் வயல் செய்யும் கமக்காரர். அவர்களுக்குத் தெரியாத எருமையா? கைதட்டல் மைதானத்தை நிறைத்தது. சிரித்த பொடியனும் மெல்லக் கைதட்டினான்.

நிரோஜன் நிமிர்ந்து பார்த்தான். பிறகு எழுந்து வந்தான். கயிற்றின் நுனியை இடுப்பில் சுற்றிக்கொண்டு, இரண்டு குதிகளையும் மண்ணில் புதைத்தான்.

விசில் ஒலித்தது. முல்லை இல்லத்தார் ஒரே மூச்சாக இழுத்தார்கள். மருத இல்லத்தில் முன்னுக்கு நின்றவர்கள் சறுக்கினார்கள். கயிறு போகப்போகிறது என்றே எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் நிரோஜன் நின்ற இடத்திலேயே நின்றான். மூச்சை இழுத்துவிட்டு ஒரு காலைப் பின்னால் வைத்தான். பிறகு மற்றக் காலை.

"நிரோஜன்! நிரோஜன்!" என்று மைதானம் கத்தியது. தேனுகா அறிவிப்பை மறந்து ஒலிவாங்கியிலேயே கத்தினாள். மருத இல்லம் வென்றது!

முல்லை இல்லத்தின் கடைசி ஆளான ஜெயந்தன், காற்சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு தேனுகாவிடம் வந்தான்.

"தேனுகா, வாற வருசம் என்னையும் எருமை எண்டு சொல்லுவியோ?"

தேனுகா வாயைத் திறக்குமுன்பே நிரோஜன் குறுக்கே பாய்ந்தான்.

"அது ஏலாது! இந்தப் பள்ளிக்கூடத்திலை எருமை நான் மட்டுந்தான்!"