நஸீபுக்கு ஒரு ஹார்டு டிஸ்க்

கடையிலிருந்து வீடு வரும்வரை பைக்குள் சும்மா கிடந்த ஹார்டு டிஸ்க், ஹியாம் கையில் எடுத்தபோது வெதுவெதுப்பாக இருந்தது. வெயில் பட்டிருக்கும் என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டாள். பெய்ரூட்டில் அன்று காலையிலிருந்தே மழை.

புர்ஜ் ஹம்மூத் பகுதியில் கணினிக் கடை வைத்திருக்கும் கர்னிக் அங்கேயே படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். “புதுசையே எடுங்கக்கா. இந்தப் பெரிசு கைமாறி வந்தது. யார் வச்சிருந்தாங்கன்னு எனக்கே தெரியாது.”

“புதுசுல பாதிதான் கொள்ளும்ங்கிற. வேற புதுசும் இல்லைங்கிற. பாதிப் புருஷனை வச்சுக்கிட்டு நான் என்னடா பண்றது?”

அவன் பெரிசையே பையில் போட்டுக் கொடுத்தான்.

நஸீப் இறந்து எட்டு மாதம். காபிக் கோப்பையோடு சமையலறை மேசையில் உட்கார்ந்து அவர் பாட, அவள் வீடியோ எடுத்த நாலு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள்தான் அவளுக்கு மிச்சம். அந்த வீடியோக்கள் இருந்த கணினியோ கறகறவென்று பல்லைக் கடித்துக்கொண்டு, இன்றோ நாளையோ என்றிருந்தது. ஆறு மணிக்குக் கரண்ட் போய்விடும். தெரு ஜெனரேட்டரில் அவள் வாங்கும் பங்கு கணினியைத் தாங்காது. நடுவில் நின்றால் எது போனது, எது போகவில்லை என்று குழம்பக் கூடாதே! கரண்ட்டை நம்பாத எங்கள் ஊரில் பலரும் செய்வதுபோல, நகல் எடுக்காமல், போனது பழைய இடத்தில் இல்லாதபடி, அப்படியே டிஸ்க்குக்கு இடம் மாற்றினாள்.

முதலில் போய்ச் சேர்ந்ததைத் திறந்து பார்த்தாள். நஸீப் பாடினார். அவருக்குப் பின்னால், கதவு நிழலில், சாம்பல் நிற உடுப்பில் ஒரு பெண். ஹியாம் அந்த வீடியோவை நூறு தடவை பார்த்தவள். அங்கே யாரும் இருந்ததில்லை.

அடுத்ததில் அந்தப் பெண் மேசையருகே நின்றாள். அதற்கடுத்ததில் அவர் தோளில் அவள் கை. நஸீபின் குரல் நடுங்கியது.

வயரைப் பிடுங்க ஹியாமின் கை போனது. பிடுங்கினால்? போனதெல்லாம் அந்தப் பெண்ணிடமே தங்கிவிடும். பழைய இடத்தில் தேடினாள். போனவை போனவைதான். மீதியும் ஒவ்வொன்றாய்க் குறைந்துகொண்டிருந்தது. நிறுத்தச் சொல்லி அழுத்தினாள். நிற்கவில்லை. மறுபடி அழுத்தினாள்.

“கடவுளே, கரண்ட்டை எடுத்துத் தொலையேன்!”

மணி ஆறு. தெரு இருண்டது. விளக்கு அணைந்தது. கணினி அணையவில்லை.

கடைசி வீடியோ தானாக ஓடியது. மேசை. ஆவி பறக்கும் காபி. நஸீபின் நாற்காலியில் அந்தப் பெண், கண் கொட்டாமல் ஹியாமைப் பார்த்தபடி. படத்துக்கு வெளியே எங்கிருந்தோ அவர் அழுதார்.

“ஹியாம்... என்னை ஏன்டி இவகிட்ட குடுத்தே?”

அந்தப் பெண் எழுந்து போய், அவர் அழுகை வந்த பக்கம் இருந்த சமையலறைக் கதவைச் சாத்தினாள்.