பெரியப்பாவின் வேட்டியும் பரங்கிக்காய் மக்ரோனியும்

நூம்பலில் ஜானகிராமன் வீடு என்றால் தெரியாதவர் இல்லை. அந்த வீட்டில் இரண்டு விஷயங்கள் மாறியதே கிடையாது.

ஒன்று, ஜானகிராமனின் வேட்டி. தினமும் சோறு வடித்த கஞ்சியில் நனைத்து, காயவைத்து, பலகை போல விறைத்து நிற்கும். அப்படி ஒரு வேட்டி இல்லாமல் அவர் தெருவில் கால் வைத்ததில்லை.

இன்னொன்று, ஒரே பானை. வீட்டுக்காரர் சாப்பிடுவதுதான் விருந்தாளிக்கும். விருந்தாளி சாப்பிடுவதுதான் வேலைக்கு வந்தவருக்கும். ஒருவருக்கென்று தனிப் பானை அந்த அடுப்பில் ஏறியதில்லை. நான்கு தலைமுறையாகக் காத்து வந்த மரியாதை அது.

அந்த மரியாதைதான் இப்போது கிருஷ்ணப்பிரியாவின் பத்தாவது பிறந்தநாளுக்குக் குறுக்கே வந்து நின்றது.

ஜானகிராமன் அவளுடைய பெரியப்பா. பிறந்தநாள் என்றால் அந்த வீட்டில் சீஸ் மக்ரோனி. அதை ஆரம்பித்து வைத்தவரும் அவர்தான். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை பார்த்த காலத்தில், ஒரு கையில் சீஸ் டப்பா, இன்னொரு கையில் வெண்ணெய்க் கட்டியுடன் பஸ்ஸிலிருந்து இறங்குவார். எல்லோரும் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்து வாழை இலையில் மக்ரோனி சாப்பிடுவார்கள். கிருஷ்ணப்பிரியாவுக்கு வலப்பக்கம் பெரியப்பாவின் இடம்.

மூன்று மாதத்துக்கு முன் பெரியப்பாவின் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். வெண்ணெய் கூடாது, மைதா கூடாது என்றார் டாக்டர். சீஸ், எப்போதாவது விரல் நுனி அளவு.

பிறந்தநாளுக்கு இரண்டு நாள் முன், வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா பெரியப்பாவிடம் மெதுவாகப் பேச்சை எடுத்தாள்.

"மாமா, நாயித்துக்கெழம ஒங்களுக்கு மட்டும் ரெண்டு இட்லி ஊத்திடறேன்."

"இந்த ஊட்ல தனிப் பானையா?"

"அப்ப எல்லாருக்குமே இட்லி வெச்சிடலாம்."

"கொழந்தைக்கு மக்ரோனின்னு வாக்கு குடுத்துகீறேன், லாவண்யா." பெரியப்பா வேட்டி மடிப்பை நீவிவிட்டார். "நான் அன்னிக்கு இருக்க மாட்டேன். செம்பரம்பாக்கம் போறேன். சம்பந்தம் வாங்க வாங்கன்னு கூப்ட்டுகினே கீறாரு."

கிருஷ்ணப்பிரியா நிமிர்ந்து பார்த்தாள். பெரியப்பாவின் சிநேகிதர் சம்பந்தம் தாத்தா போன வாரமே கோயம்புத்தூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அதைச் சொல்ல அவர் செய்த போனை எடுத்துப் பேசியதே அவள்தான்.

பெரியப்பா பொய் சொல்லி அவள் கேட்டதே இல்லை. இப்போது அவளுக்காகச் சொல்கிறார். எங்கே போய் உட்கார்ந்திருப்பார்? பஸ் நிறுத்தத்திலா?

"பெரியப்பா இல்லாம எனக்கு மக்ரோனி வேணாம்" என்று சொல்லலாம்தான். ஆனால் கொடுத்த வாக்கை அவர் திரும்ப வாங்க மாட்டார்.

சனிக்கிழமை காலை, அம்மா கூட்டுக்குப் பரங்கிக்காய் வேகவைத்திருந்தாள். கரண்டியால் லேசாக அழுத்தியதும் துண்டுகள் குழைந்து உருகின. கிருஷ்ணப்பிரியா எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, இது சீஸ் கலர்ல கீது."

"அதுக்கு?"

"பானைய மாத்த முடியாது. உள்ள இருக்கறத மாத்தலாம் இல்ல?"

அம்மா பரங்கிக்காயைக் கரண்டியில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். பிறகு மிக்ஸியை எடுத்து வைத்தாள்.

கடையிலிருந்து கோதுமை மக்ரோனி வந்தது. வெந்த பரங்கிக்காய், நான்கு பல் பூண்டு, ஆடை எடுத்த பால், கொஞ்சம் மிளகு எல்லாம் மிக்ஸியில் சுற்றின. அடுப்பில் மக்ரோனி வெந்தது. அம்மா சோறு வடிப்பது போலவே உப்பில்லாமல் வேகவைத்து, வடித்த தண்ணீரை வேட்டி வாளியில் ஊற்றினாள். வடித்த தண்ணீரைக் கண்டால் அவள் கை தானாக அந்த வாளிக்குத்தான் போகும்.

மக்ரோனியில் பரங்கிக்காய்க் குழம்பைக் கொட்டிக் கிளறினார்கள். குழம்பு வழுக்கிக்கொண்டு அடியில் போய்த் தேங்கியது. மேலே மக்ரோனி வெறும் உடம்போடு கிடந்தது.

ஒன்பதாவது படிக்கும் அண்ணன் தினேஷ் குனிந்து பார்த்தான்.

"ஆட்டு மேல மஞ்சத்தண்ணி தெளிச்சா மாதிரி கீது. கொஞ்ச நேரம் இரு, தலைய ஆட்டுதான்னு பாப்போம்."

"போடா."

சொல்லிவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தாள். மொட்டைமாடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மதிய வெயிலில் கொடியில் பெரியப்பாவின் வேட்டி காய்ந்துகொண்டிருந்தது. கீழிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "பிரியா, அந்த வேட்டிய மடிச்சி எடுத்துகினு வா."

வேட்டியின் இரண்டு மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. பிரித்தபோது சரசரவென்று சத்தம் வந்தது. என்றும் இல்லாத விறைப்பு. கையை எடுத்தாள். வேட்டி அப்படியே நின்றது.

அவள் விரலால் அதைச் சுண்டிப் பார்த்தாள்.

துணியைத் துணியோடு ஒட்டவைத்தது எது? மக்ரோனி வடித்த தண்ணீர். குழம்பை மக்ரோனியோடு ஒட்டவைக்க அதுதானே வேண்டும்? அது காலையிலிருந்து கொடியில் அல்லவா தொங்குகிறது!

ஞாயிற்றுக்கிழமை காலை, கஞ்சி கெட்டியாக வரட்டும் என்று குறைந்த தண்ணீரில் மக்ரோனியை வேகவைக்கச் சொன்னாள். வடித்ததும் அம்மாவின் கை வாளிப் பக்கம் திரும்பியது.

"அம்மா, ஊத்தாதீங்க. அது எனக்கு வேணும்."

"இன்னிக்கு சோறே வடிக்கல. நாளைக்கு மாமா வேட்டிக்கு?"

கிருஷ்ணப்பிரியா கஞ்சிப் பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். புதிதாக அரைத்த பரங்கிக்காய்க் குழம்பில் மக்ரோனியைப் போட்டு, ஒரு கரண்டிக் கஞ்சியை விட்டுக் கிளறினாள். இன்னொரு கரண்டி. இன்னொன்று. ஒரே ஒரு சீஸ் துண்டைத் துருவி மேலே தூவினாள். கடைசிச் சொட்டு வரை கஞ்சி பானைக்குள் போனது.

குழம்பு முதலில் தயங்கியது. பிறகு மெல்லத் திரண்டது. பட்டுத் துணி போல் பளபளத்தது. கரண்டியைத் தூக்கினால் பொன்னிறத்தில் இழை இழையாக நீண்டது. ஒவ்வொரு மக்ரோனியும் உள்ளும் புறமும் பொன் பூசிக்கொண்டு, ஏரி மேல் காலை வெயில் பட்டாற்போல் மின்னியது.

தினேஷ் பானைக்குள் எட்டிப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். "ஆடு தலைய ஆட்டிடுச்சி."

பெரியப்பா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். கிருஷ்ணப்பிரியா பானையைத் துணியில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"பெரியப்பா, ஒரே பானைதான். நீங்களும் சாப்பிடலாம்."

அவர் குனிந்து பார்த்தார். ஆவி அவர் கண்ணாடியில் படிந்தது. "வெண்ணெ எவ்ளோ?"

"இல்ல."

"மைதா?"

"கோதும."

"சீஸ்?"

"ஒரு துண்டு. பதினோரு பேருக்கு."

"அப்புறம் எப்டி இப்டி மின்னுது?"

"பரங்கிக்காயும் கஞ்சியும்."

பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். அறுபத்தெட்டு வருடத்தில் பரங்கிக்காய் இப்படி மின்னி அவர் பார்த்ததில்லை.

"சம்பந்தம் காத்துகினு இருப்பாரே," என்றார், குரல் இறங்கி.

கிருஷ்ணப்பிரியா அவர் காதருகே போய், வேறு யாருக்கும் கேட்காதபடி சொன்னாள். "அவரு கோயம்புத்தூர்லேர்ந்து வந்ததும் நாம ரெண்டு பேரும் போலாம், பெரியப்பா."

பெரியப்பா அவள் தலையில் கை வைத்தார். பிறகு செருப்பைக் கழற்றினார்.

கூடத்தில் பதினோரு இலைகள். அவளுக்கு வலப்பக்கம் பெரியப்பா. முதல் வாய் போட்டதும் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாவது முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பானை காலியானது.

திங்கட்கிழமை காலை. தெருமுனையில் காய்கறி விற்கும் கன்னியம்மா, வருகிறவரைக் கண்டு திகைத்து எழுந்தாள்.

"இன்னா பெரியவரே, வேட்டி தொவண்டு கீது? ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

கஞ்சி போடாத வேட்டி காலைச் சுற்றித் துவள, ஜானகிராமன் முதுகை இன்னும் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டார்.

"ஒடம்புக்கு ஒண்ணும் இல்லம்மா. கஞ்சி எங்க ஊட்டுப் பொண்ணு பானைக்குப் போயிடுச்சி. அந்தப் பெரிய பரங்கிக்காய எடு."